கடல் பக்கத்தில் கம்பி இல்லை

கட்டிலில் ஒன்பது தலையணைகள் இருந்தன. படுக்கப்போவது நான் ஒருவன். எட்டைத் தூக்கிக் கதிரையில் அடுக்கினேன். அறையைத் துப்புரவாக்க வந்த பெண் அந்த எட்டையும் மறுபடி கட்டிலில் ஏற்றினாள். அவள் போனதும் நான் மறுபடி இறக்கினேன். தலையணையோடு மல்லுக்கட்டுவதற்காகவா இந்த வயதில் என்னை இங்கே கூட்டிவந்தார்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அறை என்று எழுதுகிறேன். அவர்கள் அதைக் கூடாரம் என்றார்கள். துணியால் சுவர், பல்வரிசை வைத்து இழுத்து மூடும் வாசல், உள்ளே இரண்டு குளிரூட்டி. வெளியே பலகைத் தளத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி. இடுப்பில் துணியில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு குளிப்பதில் என்ன இன்பம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் கடலில் படகுகள் போய்வரும். படகில் ஆட்கள் இருப்பார்கள்.

வாசலில் ஈரத் துவாயைச் சுருட்டித் தந்த பெண், "பாலைவனத்துக்கு வாங்கோ சேர்" என்றாள். தலைக்கு மேலே பலகையிலும் அப்படித்தான் மூன்று மொழியில் எழுதியிருந்தது.

"எந்தப் பாலைவனம், பிள்ளை?" என்று கேட்டேன்.

"இதுதான் சேர்."

இலுப்பைக்கடவைக்கும் பாப்பாமோட்டைக்கும் இடையில், கடலோரம், உடை மரமும் பற்றையும் சேறும் உவர் மண்ணும் கலந்த நிலம். மழைக்காலத்தில் முழங்கால் அளவு புல் நிற்கும். பின்னால் திரும்பிப் பார்த்தால் வயல். வயலுக்குப் பின்னால் குளம். குளத்துக்கு அப்பால் இன்னொரு குளம். நான் பிறந்த ஊர் அந்த வயல்களின் ஓரத்தில்தான் இருக்கிறது. மன்னார்க் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் இலிகிதனாகச் சேர்ந்து பிரதம இலிகிதனாக ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பக்கத்துக் குளங்களை ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். எழுபத்தைந்து வயதுவரை பாலைவனத்தில் வாழ்ந்திருக்கிறேன் என்பதை, துவாய் தந்த பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறையில் மனைவியோடு வந்திருந்தான். "அப்பாவுக்கு ஒரு மாற்றமாயிருக்கும்" என்று சொல்லி இரண்டு கூடாரம் ஒழுங்கு செய்தான். வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் உச்சி வெயில் ஏறுமுன் போய்ச் சேரும் இடத்துக்கு இரவு தங்கப் போவது மடத்தனம் என்று மறுத்துவிட்டேன். பிறகு சம்மதித்தேன். என் தங்கைதான் காரணம்.

தங்கை ஊரிலேயே இருக்கிறாள். கணவன் இறந்த பிறகு எருமைத் தயிர் விற்றுத்தான் சீவிக்கிறாள். அவளிடம் பதினாலு எருமைகள். எங்கள் பக்கத்தில் எருமையைக் கட்டி வளர்ப்பதில்லை. காலையில் கறந்தபின் பட்டியைத் திறந்துவிடுவோம். அவை கடலோரப் பற்றைக்குப் போய் மேயும், சேற்றில் கிடக்கும், பொழுதுபடத் தாமாகவே திரும்பும். கன்றுகளை மட்டும் பட்டிக்குள் அடைத்து வைப்போம். கன்று உள்ளே நிற்கும்வரை தாய் வரும். தாய் வந்தால் மற்றவையும் கூட வரும். மேய்ப்பனும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

அந்தப் பற்றைக் காட்டைச் சுற்றி இந்த விடுதிக்காரர் மின்கம்பி அடித்து முடித்த அன்று, பொழுதுபட்ட பிறகும் பதினாலும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பட்டிக்குள் ஆறு கன்றுகள் கத்திக்கொண்டு நின்றன. தங்கை அரிசிக் கஞ்சியும் மாவில் கரைத்த பாலும் போத்தலில் விட்டுப் பருக்கினாள். ஒரு கன்று கழிந்து கழிந்து செத்தது. மற்ற ஐந்துக்கும் விலா எலும்பு தெரியத் தொடங்கியது. அவள் குளம் குளமாகத் தேடினாள். விடுதி வாசலுக்கும் போய்க் கேட்டாள். "உள்ளுக்கு வீட்டு மாடு ஒண்டும் இல்லை. காட்டு மிருகம்தான் நிக்குது" என்று காவலாளி அனுப்பிவிட்டான்.

மகன் கூப்பிடும் கதையைச் சொன்னதும் அவள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினாள். "போங்கோ அண்ணை. என்னைத்தானே உள்ளுக்கு விடமாட்டாங்கள். உங்களை மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போவாங்கள். போய்ப் பாருங்கோ. ஒரு சொல்லு, பார்க்கிறதுக்கு மட்டும் போங்கோ. வாயைத் திறக்காதேங்கோ."

"நான் என்ன சின்னப் பிள்ளையே?"

"சின்னப் பிள்ளையெண்டால் சொன்னால் கேக்கும்" என்றாள்.

பின்னேரம் எங்களைத் திறந்த ஜீப் ஒன்றில் ஏற்றினார்கள். மகனும் மருமகளும் நானும், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பமும், ஒரு வெள்ளைக்காரச் சோடியும். முன்னால் வழிகாட்டி நின்றான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை தொங்கியது; பேச்சில் கரையோர ஊர் வாடை அடித்தது. ஆங்கிலம் நன்றாகப் பேசினான். மயிலைக் காட்டினான். நரியைக் காட்டினான். மடியில் போர்த்திக்கொள்ள ஆளுக்கு ஒரு கம்பளியும் தந்தான். ஓகஸ்ட் மாதத்து மன்னாரில் கம்பளி!

நான் மயிலைப் பார்க்கவில்லை. கம்பித் தூண்களை எண்ணிக்கொண்டு போனேன். வடக்குப் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. வயல் பக்கம் முந்நூற்று நாற்பது. தெற்குப் பக்கத்தை எண்ணிக்கொண்டு போக, கடற்கரையில் தூண்கள் சட்டென்று நின்றுவிட்டன. அதற்கு அப்பால் சேறும் தண்ணீரும்தான்.

"தம்பி, கடல் பக்கம் ஏன் கம்பி இல்லை?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

"அங்கால தூண் நட்டால் வியூ கெட்டுப்போயிடும் ஐயா. கூடாரத்தில இருந்து பார்க்கேக்கை கடலுக்கு முன்னால கம்பி தெரியுமெல்லோ."

ஊராரின் மேய்ச்சல் நிலத்தை மூன்று பக்கமும் அடைக்கலாம், பார்வையை அடைக்கக்கூடாது. எனக்குக் காது சூடேறியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதை என் தங்கை நம்பவேண்டும்.

ஜீப் ஒரு குட்டைக்கு முன்னால் நின்றது. குழாய்க் கிணறு அடித்து நீர் விட்டு நிரப்பிய குட்டை. கரையில் கறுப்புப் பொலித்தீன் தாள் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மரக்குற்றியில் உப்புக் கட்டியைக் கம்பியால் வரிந்து கட்டியிருந்தார்கள். தண்ணீருக்குள் மூக்கும் கொம்புமாகச் சில எருமைகள் கிடந்தன.

வழிகாட்டி குரலைத் தணித்து ஆங்கிலத்தில் சொன்னான்: காட்டெருமைக் கூட்டம். மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவை. மூர்க்கமானவை. தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம்.

கொழும்புக்காரப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைக்காரர் முழ நீளமுள்ள கமராவை உயர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு எருமை கரையேறியது. இடது கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தது. சேற்றைச் சிலுப்பிக்கொண்டு எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. வலது பின்தொடையில், கழுவினாற்போலத் தெளிவாக, ஒரு லாட வளைவும் அதற்குள் ஒரு புள்ளியும். என் அப்பா காலத்துக் குறி. அந்த இரும்பு இன்னமும் தங்கையின் குசினிக் கூரையில் செருகியிருக்கிறது. கொம்பு வளைந்த அந்த எருமையைக் கன்றில் குறி சுட நானே காலைப் பிடித்து அமுக்கியிருக்கிறேன். அது உதைத்த அடையாளம் என் முழங்காலில் இருக்கிறது.

ஒவ்வொன்றாகக் கரையேறின. லாடமும் புள்ளியும். லாடமும் புள்ளியும். எண்ணினேன். பதின்மூன்று.

மூர்க்கமான கொம்பு வளைந்த எருமை உப்புக் கட்டியை நக்கிவிட்டு, ஜீப்பின் முன் சில்லில் விலாவைத் தேய்த்தது. எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். வழிகாட்டி, "மிக அரிதான காட்சி" என்றான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"காட்டெருமையோ?" என்று எழும்பினேன். "காட்டெருமை தானே அடுப்பு மூட்டி, தானே இரும்பைக் காய்ச்சி, தன்ரை தொடையில தானே குறி சுடுமோ?"

"அப்பா, இருங்கோ" என்றான் மகன்.

"இது எங்கடை வீட்டுக் குறி. என்ரை அப்பா காலத்துக் குறி!" இதை ஆங்கிலத்திலும் சொன்னேன். வெள்ளைக்காரர் கமராவை இறக்கினார். "இந்த எருமை நாள்தோறும் காலையிலை கன்றுக்குப் பால் கொடுத்த எருமை. அந்தக் கன்று அங்கை கஞ்சி குடிச்சுக்கொண்டு நிக்குது!"

"அப்பா, எல்லா எருமையும் ஒரே மாதிரித்தானே இருக்கும்."

"உனக்கு! உனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்!"

மருமகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, பிரஷர் கூடப்போகுது. இருங்கோ மாமா." வழிகாட்டி என்னைப் பார்க்கவில்லை. சாரதியின் தோளில் தட்டினான். ஜீப் திரும்பியது. போகும்போது எருமைகள் எல்லாம் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன. காட்டு மிருகமென்றால் ஒரு ஆள் அப்படிக் கத்தினதற்கு ஓடியிருக்க வேண்டாமா?

விடுதிக்குத் திரும்பியதும் முகாமையாளர் வந்தார். இளைஞர். கொழும்பிலிருந்து வந்தவர். சப்பாத்துப் போட்டிருந்தார், காலுறை போடவில்லை. எனக்குத் தேசிக்காய்த் தண்ணீர் தரச்சொன்னார். அதற்குள் ஏழு புதினா இலை மிதந்தது.

"அங்கிள், உங்க மனவருத்தம் எனக்கு விளங்குது" என்றார். "இப்ப நான் ஒண்ணு கேக்கிறேன், நீங்களே சொல்லுங்க. அது வீட்டு மாடா, காட்டு மாடா?"

"வீட்டு மாடு. குறி இருக்கு. காது வெட்டும் இருக்கு."

"சரி. அப்படின்னா அதுக்கு ஓனர் இருக்கணும். நாளைக்குக் காலைல வன இலாகா ஆபிசர் இங்க வாறார். இந்த இடம் இப்ப அரசாங்கம் ஒதுக்கின காடு; இதுக்குள்ள வீட்டு மாட்டை விட்டா கேஸ் போடுவாங்க, அங்கிள். மாட்டைப் பிடிச்சு ஏலத்திலயும் விடுவாங்க. நீங்க ஓனர் பேரு, விலாசம் குடுத்தா நான் அவர்கிட்டச் சொல்லிடுறேன்." புன்னகைத்தார். "இல்லைன்னா அது காட்டெருமைதான். அப்ப பிரச்சினையே இல்லை."

கச்சேரியில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ பேர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் திணறியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் திணறினேன். எங்கள் ஆட்களுக்குக் குறி என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. எந்தப் பட்டியில் யாருடைய மாடு கலந்தாலும், குறியைக் காட்டினால் ஒதுங்கிவிடுவார்கள். குறியைச் சொன்னால் மாடு வீட்டுக்கு வரும் என்றுதான் நான் கத்தினேன். இவர்களிடத்தில் அதே குறி வழக்குப் போடுவதற்கான சாட்சியாம். அதை நானே, இரண்டு மொழியில், எட்டுப் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அந்த எட்டுப் பேரில் வெளியாள் ஒருவருக்கும் தங்கையின் பெயர் தெரியாதது என் அதிர்ஷ்டம். மகனுக்குத் தெரியும். ஆனால் அவன் அப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ரை கண் இப்ப அவ்வளவு சரியில்லை" என்றேன்.

"பரவாயில்லை அங்கிள். ரெஸ்ட் எடுங்க" என்றார். தேசிக்காய்த் தண்ணீரை முழுதும் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

கூடாரத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. பலகைத் தளத்தில் அங்குமிங்கும் நடந்து பார்த்தேன். அந்தக் குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றால் மட்டும் இரண்டு கோடு வந்தது. பொழுது கடலில் விழுந்துகொண்டிருக்க, வெறும் தொட்டிக்குள் சப்பாத்தோடு நின்று தங்கையைக் கூப்பிட்டேன்.

"கண்டியளே?" முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கண்டன்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "எத்தினை?"

"பதின்மூண்டு."

"பதினாலு அண்ணை."

"எனக்கு எண்ணத் தெரியும்."

"தெரியும் தெரியும். கச்சேரியில கடதாசி எண்ணுறமாதிரி எருமையை எண்ணேலாது. ஒண்டு பற்றைக்குள்ளை படுத்திருக்கும். இல்லாட்டித் தண்ணிக்குள்ள தாண்டிருந்திருக்கும். நீங்கள் விட்டிட்டியள்." அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "அதிருக்கட்டும். நீங்கள் வாய் திறக்கேல்லைத்தானே?"

நான் கடலைப் பார்த்தேன்.

"அண்ணை?"

"கொஞ்சம் சத்தம் போட்டனான்."

"ஐயோ கடவுளே! உங்களுக்குப் பதிலா இந்தக் கன்றிலை ஒண்டை அனுப்பியிருக்கலாம். அது கத்தினாலும் ஒரு காரியத்துக்காகக் கத்தும்."

முகாமையாளர் சொன்னதைச் சொன்னேன். பெயர் சொன்னேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்களுடைய பெயர் அங்கே பதிவாகியிருக்குமே என்றாள். மகனின் பெயரில்தான் பதிவு என்றேன். பட்டிக்குள் கன்றுகள் கத்துவது தொலைபேசிக்குள் கேட்டது. மெலிந்த சத்தம்.

"கம்பி சுத்திவரவோ?"

"மூண்டு பக்கம். கடல் பக்கம் இல்லை."

"ஏன் இல்லை?"

"பார்வை கெட்டுப்போயிடுமாம்."

"ஆரின்ரை பார்வை?"

"இங்கை வந்து தங்கிற ஆக்களின்ரை."

அவள் சிரித்தாள். எருமைகள் காணாமல் போன பிறகு அவள் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நல்ல ஆக்கள். நல்லாயிருக்கட்டும். விடியக் கடல் வத்தும். சேறு இறுகியிருக்கும். லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில கன்றை ஏத்திக்கொண்டு கரைவலைத் துறைக்கு வாறன். அங்கையிருந்து சேத்தால நடந்து கிட்ட வரலாம். அந்த வழி அதுகளுக்குப் பழக்கமில்லை; கன்றின்ரை குரலைக் கேட்டால் நிக்காதுகள்."

"எந்தக் கன்று?"

"சுட்டிக் கன்றுதான். அதுக்குத்தான் தொண்டை. ராப் பகலாக் கத்துது."

சுட்டிக் கன்று என்றால் நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ளது. தாய்க்கும் அதே இடத்தில் அதே பொட்டு.

"நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

"நீங்கள் காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கோ. வாய் நிறையச் சாப்பிடுங்கோ. அப்பதான் பேசமாட்டியள்."

காலைச் சாப்பாட்டை உயர்ந்த பலகை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் குட்டை தெரியும், மறுபக்கம் கடல். ஐந்து சதக் காசு அளவில் இடியப்பம் அவித்திருந்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு சிறிய மண் சட்டி வந்தது. மண் சட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் கோப்பை. பிளாஸ்ரிக் கோப்பைக்குள் எங்கோ தெற்கில் தொழிற்சாலையில் உறையவைத்த தயிர். கண்ணுக்கு முன்னால் பதின்மூன்று எருமைகளை அடைத்து வைத்துக்கொண்டு, பெட்டியில் வந்த தயிருக்கு மண் சட்டிச் சட்டை போட்டுத் தருகிறார்கள். அதற்கு மேலே ஒரு பூ வேறு. அந்தப் பூவை எடுத்து மேசையில் வைத்தேன். மகன் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்தான். இரவு நான் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "மாமியின்ரையோ?" என்று மட்டும் கேட்டான். அதன் பிறகு அவனும் நித்திரை கொள்ளவில்லை என்று மருமகள் சொன்னாள்.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. சேற்றுக்கு அப்பால், உடை மரங்கள் முடியும் இடத்தில், குத்துக்கல்லைப் போல ஒன்று நின்றது. சேலையை வரிந்து கட்டிய ஒரு பெண் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சிறிதாக இன்னொன்று.

கன்று கத்தியது.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது ஏதோ ஒரு பறவை. குட்டையில் பதின்மூன்று தலையும் ஒரேயடியாகத் திரும்பின. மறுபடி கத்தியது. கொம்பு வளைந்த எருமை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. மூக்கை உயர்த்தி நீளமாக ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கியது. எருமை ஓடிப் பார்த்தவர்கள் குறைவு. பெட்டி கட்டின லொறி பள்ளத்தில் இறங்குவதுபோல இருக்கும். ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் புறப்பட்டன. கூடாரங்களுக்கு இடையால், மணலில் நட்டிருந்த விளக்குகளை மிதித்துக்கொண்டு, கடலுக்குள் இறங்கின. சேறு அவற்றின் வயிறுவரை தெறித்தது.

எல்லோரும் எழும்பி ஓடிப்போய்ப் மண்டபத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார்கள். தொலைபேசிகள் உயர்ந்தன. கொழும்புக்காரர், "கடலைக் கடக்குது, கடலைக் கடக்குது" என்று தன் மனைவிக்குச் சொன்னார். வழிகாட்டிக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. கோடைக்காலத்தில் காட்டெருமைகள் புதிய மேய்ச்சலைத் தேடி இடம்பெயர்வதுண்டு, இதை நேரில் காண்பவர்கள் மிகக் குறைவு என்று ஆங்கிலத்தில் சொன்னான். கைதட்டினார்கள். உண்மையாகவே கைதட்டினார்கள். வெள்ளைக்காரப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது.

பட்டிக்குத் திரும்பும் எருமைக்குக் கைதட்டு! கன்றைப் பட்டினி போட்டவர்களின் சாப்பாட்டு மேசையில் நின்றுகொண்டு கைதட்டு! எனக்கு அந்த மேசையைப் புரட்டிவிட வேண்டும்போல இருந்தது. தங்கை சொன்னபடி வாயை நிறைத்துக்கொண்டேன். தயிரைக் கரண்டி கரண்டியாகப் போட்டேன்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. நான் குட்டையைப் பார்த்தேன். பற்றையைப் பார்த்தேன். பதினாலாவதுக்காகக் காத்திருந்தேன்.

வழிகாட்டி எனக்குப் பின்னால் வந்து மேசையில் தட்டை எடுப்பதுபோலக் குனிந்தான்.

"பதின்மூண்டுதான் ஐயா வரும்" என்றான் மெதுவாக.

"ஏன்?"

"கம்பி அடிச்ச கிழமையே ஒண்டு அந்தக் குட்டையில இறங்கி, பொலித்தீன் தாளில வழுக்கி விழுந்திட்டுது. கால் உடைஞ்சு எழும்பேல்லை. ரெண்டு நாள் கிடந்தது. நாங்கள் கயிறு போட்டு இழுத்தும் பார்த்தம். பிறகு பெக்கோ மிசினால கிடங்கு வெட்டித் தாட்டிட்டம்." கோப்பையை எடுத்தான். "நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு, ஐயா."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். "நேற்று ஏன் சொல்லேல்லை? குறி தெரியாதோ உனக்கு? நீயும் இந்தப் பக்கத்து ஆள்தானே!"

"தெரியும் ஐயா. எனக்கு ரெண்டு பிள்ளையள்" என்றான். தட்டோடு போய்விட்டான்.

அவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

இலாகா அதிகாரி வந்தபோது சேற்றில் கால்தடங்கள் மட்டும் இருந்தன. காக்கி உடுப்பு, நல்ல மனிதரைப்போலத்தான் தெரிந்தார். தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது. முகாமையாளர் அவருக்கு முன்னால் கையைப் பிசைந்தார். காட்டெருமைக் கூட்டம் இடம்பெயர்ந்துவிட்டது என்றார். அதிகாரி கால்தடங்களைப் பார்த்தார். மிதிபட்ட விளக்குகளைப் பார்த்தார். பிறகு மண்டபத்துக்கு வந்து, எத்தனை போனது, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். ஒருவர் இருபது என்றார். ஒருவர் ஐம்பது இருக்கும் என்றார். முகாமையாளர் என்னைக் காட்டினார். "அங்கிளுக்குத் தெரியும். அங்கிள் நேத்து எல்லாத்தையும் பார்த்தார்."

அதிகாரி என் மேசைக்கு வந்தார். "ஐயா, எத்தனை?"

பதினாலு என்று சொல்லியிருக்க வேண்டும். பதினாலு வந்தது, பதின்மூன்று போனது, ஒன்றை இந்த மனிதர்கள் தாளில் வழுக்கி விழவைத்து, இரண்டு நாள் கிடந்து சாகவிட்டு, மண்ணுக்குள் போட்டுவிட்டார்கள். எழுதுங்கள் ஐயா, அந்தக் கிடங்கைத் தோண்டுங்கள், தொடையைப் பாருங்கள், லாடமும் புள்ளியும் இருக்கும் என்று மேசையில் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். செத்ததற்கு நியாயம் கேட்டால், உயிரோடு போனவற்றுக்கு வழக்கு வரும். பதின்மூன்றையும் ஏலத்தில் விடுவார்கள். வாய்க்குள் தயிர் புளித்தது.

"எண்ணவில்லை" என்றேன்.

என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

மற்றவர்களின் வீடியோவில் சேறு தெறிப்பதுதான் தெரிந்தது. அதிகாரி மகனிடம் திரும்பினார். "நீங்கள் வீடியோ எடுத்ததா?"

"எடுத்தனான். பிழையா அமத்திப்போட்டன், அழிஞ்சிட்டுது" என்றான் மகன். அவன் கண்ணைப் பார்த்தேன். சின்ன வயதில் பொய் சொல்லும்போது காதைத் தடவுவான். அப்போதும் தடவினான்.

கூடாரத்துக்குப் போனேன். தொட்டிக்குள் ஏறினேன். நான் கூப்பிடுமுன் அவளே கூப்பிட்டாள்.

"வந்திட்டுதுகள் அண்ணை" என்றாள். மூச்சிரைத்தது. பின்னால் ஒரே சத்தம். "வயலுக்காலை நேரை பட்டிக்கு வந்திட்டுதுகள். நாலு கன்றும் முட்டி முட்டிக் குடிக்குதுகள். பாலும் பெரிசா வத்தேல்லை, கடவுள் புண்ணியம். ஊர் ஆக்களெல்லாம் வந்து நிக்கினம்."

"நல்லது" என்றேன்.

"சுட்டிதான் அண்ணை..." குரல் மாறியது. "ஒவ்வொண்டாப் போய் முட்டிப் பார்க்குது. ஒண்டும் விடுகுதில்லை, உதைச்சுத் தள்ளுதுகள். திரும்பத் திரும்ப அடுத்ததிட்டைப் போகுது. வந்த வழியைப் பார்த்துக் கத்துது."

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நேற்று உங்களோடை பகிடி பண்ணினனான். நீங்கள் சரியாத்தான் எண்ணினியள், என்ன?"

"ஓம்" என்றேன்.

என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எங்கை தாட்டவங்கள்?" என்று கேட்டாள்.

தொட்டிக்குள் நின்றபடி பார்த்தேன். குட்டைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மேட்டில், புதிதாக மண் கொட்டிச் சமப்படுத்திய ஓர் இடம் இருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் மண். அங்கே மட்டும் செம்மண். அதன்மேல் வெள்ளைக் குடை ஒன்றை நட்டு, அதன் கீழே இரண்டு சாய்மனைக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். முதல்நாள் பொழுதுபடும் நேரம் நான் அவளோடு பேசிக்கொண்டு நின்றபோது, அந்தக் கதிரைகளில் யாரோ காலை நீட்டிப் படுத்திருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதைப் பார்த்தேன். பார்வைக்கு நல்ல இடம் என்று அப்போது நினைத்தேன்.

அதையும் அவளுக்குச் சொன்னேன்.